தர்பூசணி வோட்கா: தண்ணீரைக் கழித்த பிறகு

ஒருவழியாகத் தர்பூசணி வோட்கா காக்டெயில் பழம் தெரிகிற மாதிரி வந்துவிட்டது. பார்வைக்குச் சிவப்பாக இருப்பது வேறு, குடித்தால் பழம் தெரிவது வேறு. அன்னாசியோ ஆரஞ்சோ என்றால் சாற்றைப் பிழிந்து வோட்காவில் ஊற்றினாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். புளிப்பும் மணமும் அவற்றில் தூக்கலாகவே இருக்கும். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராம் சதையில் சர்க்கரை 6 கிராம் சொச்சம்தான். புளிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இதைக் கொண்டுபோய் ஐஸோடு குலுக்கினால் மேலும் தண்ணீர் சேரும். கடைசியில் வோட்கா நெடி அடிக்கும் ரோஸ் நிறத் தண்ணீர்தான் மிஞ்சும்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பழத்தை மிக்ஸியில் அடித்து டீ வடிகட்டியில் வடித்துக்கொண்டேன். 60 மி.லி. வோட்கா, 90 மி.லி. சாறு, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. சர்க்கரைப் பாகு. ஷேக்கரில் ஐஸ் போட்டுக் குலுக்கி ஊற்றினேன். வாயில் முதலில் எலுமிச்சை வந்தது, அப்புறம் வோட்கா, அப்புறம் வெறும் குளிர்ச்சி. ருசி பார்த்த நண்பன், "நல்லாத்தான் இருக்கு, ஆனா பழம் எங்கடா?" என்றான். சாற்றைக் கூட்டினால் எல்லாமே நீர்த்துப்போனது. வோட்காவைக் கூட்டினால் இருந்த கொஞ்சநஞ்சப் பழமும் காணாமல் போனது. பாகைக் கூட்டியதில் இனிப்புதான் ஏறியது, மணம் ஏறவில்லை.

அப்போதுதான் ஒரு தாளை எடுத்து இந்தக் கிளாஸில் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 40 சதவீதம் ஆல்கஹால் உள்ள வோட்கா 60 மி.லி. என்றால் அதிலேயே ஏறக்குறைய 36 மி.லி. தண்ணீர். 90 மி.லி. சாற்றில் 82. எலுமிச்சையில் 18. பாகில் 12. குலுக்கும்போது உருகும் ஐஸ் மொத்தக் கலவையில் கால் பங்கு அளவுக்குச் சேரும், அது 48. ஆக, கிளாஸில் இறங்கும் 240 மி.லி. பானத்தில் 195 மி.லி. அளவுக்குத் தண்ணீர். பழம் தெரியாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதில் எதைக் குறைக்கலாம்? வோட்காவுக்குள் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. ஐஸிலிருந்து வருவதைக் குறைக்கவும் கூடாது, ஏனென்றால் ஐஸ் உருகுவதால்தான் பானம் குளிர்கிறது. உருகாமல் குளிரவைக்கிற ஐஸ் கிடையாது. எலுமிச்சையில் கைவைத்தால் புளிப்பு போய்விடும். மிச்சம் இருப்பது தர்பூசணிச் சாறுதான். அதிலிருக்கும் தண்ணீரை எப்படியாவது வெளியேற்ற வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சுற்று வழி போனேன். சாறே வேண்டாம், பழத்தை வோட்காவில் ஊறவைத்தால் மணம் தானாக இறங்குமே என்று, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் 300 கிராம் பழத்துண்டுகளைப் போட்டு 300 மி.லி. வோட்காவை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். எலுமிச்சைத் தோல், ஸ்ட்ராபெரி, வனிலா போன்றவற்றுக்கு இந்த முறை அருமையாக வரும். தர்பூசணிக்கு வரவில்லை. வோட்காவில் லேசான நிறமும் அதைவிட லேசான மணமும்தான் ஏறியது. பழத்துண்டுகள் வெளிறிப்போய், கடித்தால் சுருக்கென்று இருந்தன.

அதை வடித்து பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தபோதுதான் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டு ஃப்ரீசர் சாதாரணமாக மைனஸ் 18 டிகிரி. 40 சதவீத வோட்கா அந்தக் குளிரில் உறையாது, எண்ணெய்ப் பதத்தில் கெட்டியாகும், அவ்வளவுதான். இந்த பாட்டிலோ மறுநாள் பார்த்தால் பாதிக்குப் பாதி ஐஸ் துருவல். சாய்த்தால் சரசரவென்று ஊசி ஊசியாக நகர்ந்தது. பழத்திலிருந்து தண்ணீர் வோட்காவுக்கு வந்திருக்கிறது, வோட்காவிலிருந்து ஆல்கஹால் பழத்துக்குப் போயிருக்கிறது. முழுசாகச் சமநிலைக்கு வந்திருந்தால் 300 கிராம் பழமும் 300 மி.லி. வோட்காவும் சேர்ந்து சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். அந்த அளவு ஆல்கஹால் மைனஸ் 9 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பிக்கும். தண்ணீரை வெளியேற்றப் போய் வோட்காவுக்குள்ளேயே தண்ணீரை ஏற்றியாயிற்று.

முழுப் பழத்தில் ஓட்டை போட்டு ஒரு பாட்டில் வோட்காவைக் கவிழ்த்து வைக்கிற வித்தை ஒன்று உண்டு. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஓட்டையைச் சுற்றியுள்ள சதை குடித்துவிடும், ஓரத்துச் சதை அப்படியே இருக்கும். எந்தத் துண்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்தது அடுப்பு. சாற்றைச் சின்னத் தீயில் வைத்துப் பாதியாகச் சுண்ட வைத்தேன். இனிப்பு நன்றாகவே ஏறியது. ஆனால் பாத்திரத்தைத் திறந்ததும் வந்தது தர்பூசணி மணம் இல்லை, வெந்த பூசணிக்காய் வாடை. ஆறின பிறகும் அது போகவில்லை, எலுமிச்சை பிழிந்தும் போகவில்லை. தர்பூசணியின் பச்சை மணம் சூடு தாங்காது. பச்சையாகச் சாப்பிடும்போது வருகிற அந்த வெள்ளரி கலந்த வாசனைதான் அதன் உயிர், அது முதல் கொதியிலேயே போய்விடுகிறது. அந்தச் சாறு வீண்.

சூடு ஆகாது என்றால் குளிர்தான். உறையவைத்துக் கெட்டியாக்குவது பழைய உத்தி. குச்சி ஐஸை உறிஞ்சினால் இனிப்பும் நிறமும் முதலில் வாய்க்குள் வந்துவிட்டு, கையில் வெள்ளை ஐஸ் மிஞ்சுமே, அதேதான் இது. சாறு உறையும்போது தண்ணீர் முதலில் படிகமாகும், சர்க்கரை கூடுதலாக உள்ள பகுதி கடைசியில் உறையும். உருகும்போது இது தலைகீழ்: இனிப்பான பகுதி முதலில் இறங்கும், தண்ணீர் பின்தங்கி நிற்கும். ஆக, உறைந்த கட்டியை உருக விட்டு, முதலில் சொட்டுகிற பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும்.

செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காக்டெயிலின் முக்கால்வாசி வேலை இங்கேதான்.

தோல் சீவிய சதை ஒரு கிலோவில் 800 மி.லி. வாக்கில் சாறு கிடைக்கும். மிக்ஸியை ஓடவிடக் கூடாது. விட்டு விட்டு இரண்டு மூன்று தட்டு தட்டினால் போதும், சதை தானாக உடைந்துவிடும். அதிகம் ஓட்டினால் கருப்பு விதைகள் அரைபட்டு லேசான கசப்பும் மண்ணைக் கடித்த நறநறப்பும் சேரும், நுரையும் ஏகமாக வரும். முதலில் சல்லடையில் விதையைப் பிரித்துவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியில் வடித்தேன். துணியைப் பிழியவில்லை. தொங்கவிட்டுத் தானாக இறங்க விட்டதில் நேரம் ஆனது, ஆனால் சாறு சுத்தமாக வந்தது. அவசரத்துக்குப் பிழிந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, அடியில் வண்டல் சேரும், அவ்வளவுதான்.

அகலவாய் உள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவுதான் ஊற்றினேன். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவுக்குப் பெருக்கும். கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பினால் காலையில் ஃப்ரீசரைக் கழுவ வேண்டியிருக்கும். ராத்திரி முழுக்க வைத்து, கல்லாக உறைந்த பிறகு மூடியைத் திறந்து, ஒரு அளவுக் குவளையின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினேன். 750 மி.லி. சாறு வைத்திருந்தால் 375 மி.லி. இறங்கியதும் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். முதல் சொட்டுகள் கிட்டத்தட்டப் பாகு. ஒரு ஸ்பூனில் பிடித்து நாக்கில் வைத்தால் தொண்டையைப் பிடிக்கும் இனிப்பு, அதோடு நல்ல பழ வாசனை. போகப் போக இனிப்பு குறையும். பாதி அளவு இறங்கியபோது பாட்டிலுக்குள் பார்த்தால், அடர்சிவப்பாக இருந்த கட்டி வெளிறி, ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளையாகியிருந்தது. அதில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டால் தர்பூசணி சாப்பிட்ட கிளாஸைக் கழுவிய தண்ணீர் ருசிதான் தெரிந்தது. பாதியில் நிறுத்தியது சரி என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

நிறம் மட்டும் கொஞ்சம் விட்டுப்போகும். தர்பூசணியின் சிவப்பு சாற்றில் கரைந்த சாயம் இல்லை, மிதக்கும் நுண்ணிய சதையில் ஒட்டியிருப்பது. அதில் ஒரு பகுதி ஐஸிலேயே சிக்கிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்த சாறு மேலே தெளிவாகவும் கீழே சிவப்பாகவும் பிரிவதும் இதனால்தான். ஊற்றும் முன் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும்.

அறை வெப்பத்தில் உருகவிட்டால் சீக்கிரம் இறங்கும், ஆனால் பழச்சாறு வெளியில் கிடக்கிறதே என்ற கவலை இருக்கும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கவிழ்த்து வைத்தால் நிதானமாக இறங்கும், பிரிவதும் சுத்தமாக இருக்கும். நான் இப்போது ஃப்ரிட்ஜ் முறைக்கு மாறிவிட்டேன். பேராசையில் கெட்டிச் சாற்றையே மறுபடி உறையவைத்து இரண்டாவது சுற்றும் பார்த்தேன். அளவு பாதிக்குப் பாதி போனது, இனிப்பு ஏறியது, மணத்தில் பெரிய லாபமில்லை. ஒரு சுற்றே போதும்.

சாறு தயார். இனி சாமான்கள்.

காக்டெயில் செய்ய வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் ஷேக்கர் வாங்கப் போகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது ஜிக்கர் என்கிற அளவுக் கிண்ணம். 30 மி.லி., 60 மி.லி. இரண்டு பக்கமும், உள்ளே 15, 45 கோடுகளும் இருந்தால் உத்தமம். அது இல்லையென்றால் சமையல் அளவு ஸ்பூன் போதும்: மேசைக்கரண்டி 15 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. கண்ணளவில் ஊற்றினால் ஒரு தடவை நன்றாக வரும், மறுதடவை ஏன் வரவில்லை என்று தெரியாது. எலுமிச்சையில் 5 மி.லி. கூடினாலே இந்தப் பானத்தின் முகம் மாறிவிடும்.

ஷேக்கர் இல்லாமலும் நடக்கும். இறுக்கமான மூடியுள்ள அகலவாய் ஸ்டீல் பாட்டில் போதும். இரட்டைச் சுவர் பாட்டிலாக இருந்தால் வெளியே பனி படியாது, உள்ளே எவ்வளவு குளிர்ந்தது என்று கைக்குத் தெரியாது, மனதுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நான் வாங்கியது மூன்று துண்டு ஷேக்கர், மேல் மூடியிலேயே சல்லடை உள்ளது. அதில் ஒரு தொல்லை உண்டு. குலுக்கி முடித்ததும் மூடி திறக்காது. உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கி, உலோகமும் சுருங்கி, கவ்விப் பிடித்துக்கொள்கிறது. மூடியின் இணைப்பில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டு, துணியால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். மேடையில் ஓங்கித் தட்டினால் விளிம்பு நசுங்கி, பிறகு எப்போதும் ஒழுகும். இரண்டு டம்ளரை ஒன்றோடொன்று கவிழ்க்கிற பாஸ்டன் ஷேக்கரில் இந்தத் தொல்லை குறைவு. பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் பிரியும். ஆனால் முதல் முறை செய்பவர் சட்டையை நனைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வடிகட்ட அதே டீ வடிகட்டிதான். ஷேக்கரின் சல்லடை பெரிய ஐஸைத் தடுக்கும், உடைந்த துகள்களையும் மிச்சச் சதையையும் விட்டுவிடும். கிளாஸின் மேல் டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டால் ஊற்றுவது மழமழவென்று இறங்கும்.

ஐஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரேயை வெளியே எடுத்து வைத்துவிட்டு எலுமிச்சை பிழியப் போனால், திரும்புவதற்குள் கட்டிகள் வியர்த்துவிடும். அந்த ஈரம் முழுக்க, குளிரவைக்கும் வேலையைச் செய்யாமலே பானத்தில் கலந்துவிடும். எல்லாவற்றையும் அளந்து ஊற்றிய பிறகுதான் ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். ஷேக்கரில் முக்கால் பாகம் ஐஸ் இருக்க வேண்டும். கஞ்சத்தனமாக நான்கு கட்டி போட்டால் அவை முழுசாக உருகிவிடும், பானமும் சரியாகக் குளிராது. அதிக ஐஸ் போட்டால் நீர்த்துவிடும் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. ஃப்ரீசரில் மீனோ மசாலாவோ திறந்து கிடந்தால் ஐஸும் அந்த வாடையை வாங்கியிருக்கும். ஒரு கட்டியை வாயில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சர்க்கரைப் பாகுக்கு அடுப்பு கட்டாயமில்லை. 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் தண்ணீர், ஒரு பாட்டிலில் போட்டுக் கரையும்வரை குலுக்கினால் முடிந்தது. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. எலுமிச்சையை அன்றன்றைக்குத்தான் பிழிய வேண்டும். சில மணி நேரம் போனாலே சாற்றின் பச்சை மணம் மங்கிவிடுகிறது, மறுநாள் ஒரு கசப்பு எட்டிப் பார்க்கிறது. பிழிவதற்கு முன் மேடையில் அழுத்தி உருட்டிக்கொண்டால் சாறு நன்றாக விடும்.

அப்புறம் உப்பு. 80 கிராம் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து ஒரு சொட்டு மருந்து பாட்டிலில் வைத்துக்கொண்டேன். ஒரு கிளாஸுக்கு இரண்டு சொட்டு. உப்பு தெரியக் கூடாது, தெரிந்தால் அதிகம். கசப்பை அமுக்கிப் பழத்தை முன்னால் கொண்டுவருகிறது. உப்பு போட்ட கிளாஸையும் போடாத கிளாஸையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் ஒழிய இதை நம்ப மாட்டீர்கள்.

கடைசியில் நிலைத்த அளவு இது: வோட்கா 45 மி.லி., கெட்டித் தர்பூசணிச் சாறு 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., பாகு 7 மி.லி., அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன், உப்புநீர் இரண்டு சொட்டு. ஐஸ் நிரப்பி 12 முதல் 15 விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். தாலாட்டுகிற மாதிரி ஆட்டக் கூடாது, ஐஸ் இரண்டு முனையிலும் மோதுகிற சத்தம் கேட்க வேண்டும். ஒற்றைச் சுவர் ஷேக்கர் என்றால் வெளியே வெள்ளையாகப் பனி படிந்து கை பிடிக்க முடியாமல் போகும், அதுதான் பதம். அதற்கு மேல் குலுக்கினால் குளிர் பெரிதாக ஏறாது, தண்ணீர்தான் ஏறும்.

கிளாஸில் இறங்குவது 160 மி.லி. வாக்கில். அதில் ஆல்கஹால் 18 மி.லி., அதாவது 11 சதவீதம் சொச்சம். எடையில் 14 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு முழு டிரிங்க் என்பது இதே 14 கிராம்தான். இனிப்பும் குளிரும் சேர்ந்து வோட்காவை மறைத்துவிடுவதால் குடிக்கும்போது இது தெரியாது. மளமளவென்று இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகுதான் தெரியும். முதலில் போட்ட 60 மி.லி. வோட்காவை 45 ஆக இறக்கியதற்கு ருசி பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

பாகு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகத் தெரியும். ஐஸ் போடும் முன் ஸ்பூனில் எடுத்து ருசி பார்த்து, "ஐயோ, இனிப்பு அதிகம்" என்று பாகைக் குறைத்தால், கிளாஸில் வரும்போது புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஐஸ் போடாத கலவையில் ஒரு பிடி தூக்கலாக இருந்தால்தான் குளிரில் சரியாக இருக்கும். பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும் என்பதால் அந்த 7 மி.லி. மட்டும் கல்லில் எழுதியதில்லை. 5-இல் ஆரம்பித்து, குலுக்கி, ருசி பார்த்து ஏற்றலாம்.

செலவு என்று பார்த்தால் வோட்காதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது. 750 மி.லி. பாட்டிலில் 45 மி.லி. வீதம் 16 கிளாஸ் வரும். பழம், எலுமிச்சை, சர்க்கரை எல்லாம் சேர்ந்தும் அதன் பக்கத்தில் நிற்காது. அதனால் வோட்காவை எந்தத் தரத்தில் வாங்குவது என்பது நியாயமான கேள்வி. விலை கூடியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, இரண்டிலும் ஒரே அளவில் செய்து, கிளாஸுக்கு அடியில் அடையாளம் ஒட்டி, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தோம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெறும் வோட்காவாகக் குடித்தால் வித்தியாசம் தெரிந்தது, பழமும் புளிப்பும் சேர்ந்ததும் மறைந்துவிட்டது. அடிமட்ட மலிவு வோட்கா மட்டும் தொண்டையில் ஸ்பிரிட் எரிச்சலாகத் தனியாகத் தெரியும். நடுத்தரமே போதும், மிச்சக் காசுக்கு நல்ல பழம் வாங்கலாம். பழம் சப்பென்று இருந்தால் உறையவைத்தாலும் கெட்டியான சப்புதான் கிடைக்கும்.

பரிமாறுவதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது உறைந்த பழத்துண்டுகள். சதையை இரண்டு செ.மீ. கட்டிகளாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு வைத்தேன். கிளாஸில் ஐஸுக்குப் பதில் இதில் மூன்று. உருகினாலும் இறங்குவது பழச்சாறுதான். இருபது நிமிஷம் வரை கட்டி கட்டியாக மிதக்கும், அதன் பிறகு தொளதொளவென்று ஆகிவிடும். அதற்குள் குடித்துவிடலாம், மிஞ்சினதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடலாம். ஷேக்கருக்குள் மட்டும் இதைப் போடக் கூடாது, உடைந்து கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும். அங்கே சாதா ஐஸ்தான்.

கிளாஸை 15 நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பானம் வெகுநேரம் குளிர்ச்சியாக இருக்கும். விளிம்பில் உப்பு தடவுவதாக இருந்தால் பாதி வட்டம் மட்டும் தடவுங்கள், வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கட்டும். புதினாவைக் குலுக்கினால் இலை கிழிந்து பல்லில் ஒட்டும் பச்சைத் துணுக்குகளாகிவிடும். ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி, கிளாஸின் மேல் செருகினால் குடிக்கக் குனியும்போதெல்லாம் வாசனை அடிக்கும். சோடா சேர்த்து நீளமாகக் குடிக்க விரும்புகிறவர்களுக்குக் கிளாஸில் ஊற்றிய பிறகு சேர்க்க வேண்டும். ஷேக்கருக்குள் சோடாவை ஊற்றிக் குலுக்கினால் மூடி எகிறும்.

எட்டுப் பேர் வந்தபோது ஒவ்வொன்றாகக் குலுக்கிக்கொண்டு நிற்க முடியாது என்று மொத்தமாகக் கலந்தேன். வோட்கா 360 மி.லி., கெட்டிச் சாறு 480, எலுமிச்சை 120, பாகு 56, அதோடு 250 மி.லி. குளிர்ந்த தண்ணீர். இவ்வளவு பாடுபட்டுக் கழித்த தண்ணீரை மறுபடி ஊற்றுவதா என்று கை கூசத்தான் செய்தது. ஆனால் இது ஷேக்கரில் ஐஸ் உருகி வரவேண்டிய பங்கு. குலுக்காமல் ஊற்றும்போது அதை நாம்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கலவை நெருப்பாக இருக்கும். எலுமிச்சையை மட்டும் ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிழிந்து சேர்த்தேன்.

அந்தக் கூஜாவைச் சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பேச்சில் இருந்துவிட்டோம். எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் துருவல் துருவலாக உறைந்திருந்தது. 11 சதவீதம் ஆல்கஹால் மைனஸ் 5 டிகிரியைக்கூடத் தாண்டாது, மைனஸ் 18-இல் விட்டுவைத்தால் உறையாமல் என்ன செய்யும்? ஒரு முள்கரண்டியால் சுரண்டிக் கலக்கி அப்படியே கிளாஸில் போட்டுக் கொடுத்தேன். சாதாரணமாகக் கொடுத்ததைவிட அதற்குத்தான் ஏகப்பட்ட வரவேற்பு. இப்போது கேட்டே வருகிறார்கள். ஆழமான கூஜாவைவிட அகலத் தட்டில் ஊற்றினால் துருவல் சீராக வரும்.

வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வோட்கா இல்லாத ஜாடி ஒன்று தனியாக: கெட்டிச் சாறு 60, எலுமிச்சை 15, பாகு 5, உப்புநீர் இரண்டு சொட்டு, மேலே 100 மி.லி. சோடா. இரண்டும் ஒரே நிறம் என்பதால் கிளாஸ் மாறிவிடும் ஆபத்து உண்டு. வோட்கா உள்ளதற்குப் புதினா, இல்லாததற்கு எலுமிச்சை வில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு குழந்தை மேசைப் பக்கம் வந்து துழாவியதைப் பார்த்த பிறகு, அடையாளம் மட்டும் போதாது, கிளாஸின் வடிவத்தையே மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவது இன்னும் சில. அகலவாய் பாட்டிலானாலும் கழுத்துப் பக்கம் குறுகுவதால் கட்டி நகராமல் அடைத்துக்கொண்டு சொட்டுவதை நிறுத்திவிடுகிறது, நேரான பக்கங்கள் உள்ள டப்பாவில் உறையவைத்து, கட்டியை அப்படியே சல்லடையில் வைத்து உருகவிடப் போகிறேன். சாற்றை மி.லி. கணக்கில் அளக்காமல் தராசில் வைத்தால் குவளையைக் குனிந்து குனிந்து பார்க்க வேண்டியதில்லை. கெட்டிச் சாற்றை ஐஸ் ட்ரேயில் 30 மி.லி. கட்டிகளாக உறையவைத்து இருப்பு வைத்தால், நினைத்தபோது இரண்டு கட்டி எடுத்து உருக்கினால் ஒரு கிளாஸ். இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன் சேர்த்துப் பார்க்கவும் ஆசை. அந்த ஊறல் வோட்கா இன்னும் ஃப்ரீசரில்தான் கிடக்கிறது. தண்ணீர் ஏறியது ஏறியதுதான், அதைச் சோடாவில் கலந்து தீர்த்துவிட வேண்டும்.